கிழிந்த நாடா

ஓர் ஒலிப்பதிவுக் கூடத்தில் ரிப்பன் மைக் ஒன்று இருந்தது. அதன் நெஞ்சுக்குள் சருகைவிட மெல்லிய அலுமினிய நாடா. எந்த ஓசை பட்டாலும் நாடா அதிர்ந்து, பதிவு இதமாக வரும்.

ஒருநாள் பதிவுக்குத் தவில் வந்தது. "அடிக்கிறப்போ காத்து வேகமா வரும். நான் நிக்கிறேனே," என்றது பக்கத்தில் இருந்த முரட்டு மேடை மைக்.

"ஏன், என்னால முடியாதா?" என்று ரிப்பன் மைக் தவிலை ஒட்டிப் போய் நின்றது. முதல் அடியிலேயே நாடா கிழிந்தது. தவிலின் பேரோசையில் யாரும் அதைக் கவனிக்கவில்லை; ரிப்பன் மைக்கும் வெளியே சொல்ல வெட்கப்பட்டு மறைத்துவிட்டது.

மறுநாள் புல்லாங்குழல் வந்தது. அதற்கு அதுதான் முதல் பதிவு. உயிரைக் கொடுத்துப் பாடியது. போட்டுக் கேட்டால் தேய்ந்துபோன ஒரு கரகரப்புதான் வந்தது. திரும்பத் திரும்பப் பாடியும் அப்படியேதான்.

குழல் தன் உறையை எடுத்தது. "மன்னிச்சிடுங்க அண்ணே, உங்களைச் சிரமப்படுத்திட்டேன். எனக்குப் பாட வராது போல. இனிமே பாடல."

ரிப்பன் மைக் அவசரமாகத் தடுத்தது.

"உன் குரல்ல குறையில்ல தங்கச்சி. நான்தான் கிழிஞ்சு கிடக்கேன். நேத்தே தெரியும், சொல்லல."

மேடை மைக் அதன் இடத்தில் நிற்க எழுந்து வந்தது. ரிப்பன் மைக் ஸ்டாண்டை விட்டு இறங்கி, குழலின் முகத்தைப் பார்க்க முடியாமல் பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது.

வெளியே குழல் பாடத் தொடங்கியது. இந்த முறை போட்டுக் கேட்டால், குழலின் குரல் தெளிவாக வந்தது.