பதினாறு நாள் விடுப்பு

அந்தக் கட்டற்ற மென்பொருள் தளத்தில் எல்லோரும் தன்னார்வலர்கள். யார் எந்த வேலையை எந்தத் தேதியில் முடிப்பார்கள், யாருக்கு எப்போது விடுப்பு என்பதையெல்லாம் திட்ட ஆவணத்தில் தளமே எழுதிக்கொள்கிறது. ஆறு வருடமாக அது போட்ட ஒரு தேதிகூடத் தவறியதில்லை. அதில் எல்லோருக்கும் பெருமைதான்.

திங்கட்கிழமை காலை அடுத்த பதிப்பின் திட்டத்தைத் திறந்த நிறைமதி, தன் பெயருக்கு நேரே இருந்ததை இரண்டு முறை படித்தாள். வெள்ளி முதல் பதினாறு நாள் விடுப்பு. அவள் கேட்கவே இல்லை. அழித்தாள், அடுத்த நொடி மறுபடி வந்து உட்கார்ந்துகொண்டது.

ஓசூரிலிருந்து தம்பி இளமாறன் கூப்பிட்டான். அவனும் அதே தளத்துக்குத்தான் நிரல் எழுதுகிறான்.

“அக்கா, எனக்குப் பதினாறு நாள் லீவு போட்டிருக்கு. உனக்கு?”

“எனக்கும்தான்டா.”

வீட்டில் சாவு விழுந்தால் பதினாறாம் நாள் காரியம் முடிகிற கணக்கு அது. நிறைமதி போனை வைத்துவிட்டு எழுந்து போனாள்.

கூடத்தில் அப்பா மடிக்கணினியோடு உட்கார்ந்திருந்தார். ஓய்வு பெற்றதிலிருந்து தளத்தைத் தமிழாக்குவது அவர்தான்.

“ஏம்மா மதி, என் பங்கு மொத்தத்தையும் வியாழக்கிழமைக்குள்ள முடிக்கச் சொல்லுது. அதுக்கப்புறம் எனக்கு ஒரு வரிகூடப் போடல. கழட்டி விட்டுட்டாங்களா என்ன?”

நிறைமதி அவர் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். “ஒண்ணும் அவசரமில்லப்பா. மெதுவாவே பண்ணுங்க.”

“மெதுவாவா?” அப்பா சிரித்துக்கொண்டே கணினியை மூடினார். “மொத்தத்தையும் இப்பதாம்மா முடிச்சேன்.”