காலிப் படகு

தன் கல்யாணத்தைத் தானே ட்ரோன் பறக்கவிட்டுப் படம் எடுத்தவன், புளிங்குன்னில் நோபி ஒருவன்தான்.

அதையும் அவன் எடுக்கவில்லை என்பது, கல்யாணம் முடிந்த ஐந்தாம் நாள் மதியம் தெரிந்தது.

மெமரி கார்டில் நான்கு துண்டுகள் இருந்தன. முதல் துண்டில் புல்லும் அவனுடைய புது ஷூவும். நோபி அதைத் திரும்பத் திரும்ப ஓட்டினான். ஷூ நன்றாகத்தான் இருந்தது.

பறப்பதற்கு முன் பதிவுப் பொத்தானை ஒரு தடவை அழுத்திப் பார்ப்பது அவன் வழக்கம். அன்றைக்கு அழுத்தினான், நிறுத்த மறந்தான். அப்புறம் ஆரம்பிக்கிறேன் என்று அழுத்தியபோதெல்லாம் பதிவு நின்றது; நிறுத்துகிறேன் என்று அழுத்தியபோதெல்லாம் ஆரம்பித்தது.

பக்கத்தில் புது மனைவி டின்ஸி உட்கார்ந்திருந்தாள். அவன் தட்டில் ஒரு வறுத்த மீனை வைத்தாள். அதுதான் பயமாக இருந்தது.

மஸ்கட்டில் இருக்கும் அவள் அப்பச்சனுக்குக் கல்யாணத்துக்கு லீவு கிடைக்கவில்லை. சர்ச்சுக்குள் நடந்ததை எடுக்க வேறு கேமராக்காரர் இருந்தார். அப்பச்சன் மருமகனிடம் கேட்டது ஒன்றே ஒன்று: சர்ச்சிலிருந்து மகள் படகில் ஆற்றைத் தாண்டி வருவதை மேலேயிருந்து காட்ட வேண்டும். லீவு முடிந்து திரும்பும்போதெல்லாம் விமான ஜன்னல் வழியாக அந்த ஆற்றைத்தான் அவர் கடைசியாகப் பார்ப்பார். இன்று நாலு மணிக்கு டூட்டி முடிந்து கூப்பிடுவார்.

இதற்காக நோபி பட்ட பாடு கொஞ்சமில்லை. பட்டவர்கள் மற்றவர்கள் என்பது வேறு விஷயம்.

முதல் தடவை சர்ச் படியில் இறங்கிப் படகில் ஏறி நடு ஆறுவரை போனதும், ரிமோட் திரையில் வெள்ளைப் புடவை வெயிலில் வெளிறி, டின்ஸி இருந்த இடத்தில் ஒரு டியூப் லைட் உட்கார்ந்திருந்தது. மாலையும் கழுத்துமாக மடியில் ரிமோட்டை வைத்திருந்த மாப்பிள்ளை, படகைத் திருப்பச் சொன்னான். லென்ஸுக்குக் கறுப்புக் கண்ணாடி மாட்டினான்.

இரண்டாம் தடவை அந்தக் கண்ணாடியால் ஆறு நீலமாக வந்தது. பாசி மண்டிய அந்த ஆறு பிறந்ததிலிருந்து நீலமாக இருந்ததில்லை. நிறத்தைச் சரிசெய்ய மறுபடியும் படகு திரும்பியது.

மூன்றாம் தடவை தூவுவதற்குப் பூ தீர்ந்துபோய், சொந்தக்காரர்கள் தரையில் கிடந்ததையே பொறுக்கித் தூவினார்கள். படியில் நின்ற பாதிரியார் கேட்டார்:

"மோனே, கல்யாணம் உனக்குத்தானே?"

சாப்பாடோ அக்கரையில் இருந்தது.

இப்போது இரண்டாம் துண்டு ஓடியது. ட்ரோன் இறங்க இறங்க நோபியின் உச்சந்தலை மெதுவாகப் பெரிதாகிக்கொண்டே வந்தது. அங்கே முடி இவ்வளவு குறைவு என்று இதுவரை யாரும் அவனிடம் சொன்னதில்லை.

மூன்றாம் துண்டில் படகுக்காரர் மத்தாயிச்சன் அவனைப் பார்த்து ஏதோ பேசிக்கொண்டிருந்தார். ட்ரோனில் சத்தம் பதிவாகாது. வாயசைவே போதுமானதாக இருந்தது.

நான்காம் துண்டில் அக்கரை. எல்லோரும் இறங்கிப் போன பிறகு, காலிப் படகு மிக அழகாக ஆடிக்கொண்டிருந்தது. புடவை வெளிறாத வெளிச்சம், அசல் பச்சையில் ஆறு. புடவைதான் இல்லை.

"எடீ, கோபமா?" என்றான் நோபி.

"கோபமா? எனக்கா? வறுத்த கரிமீன் இன்னும் ஒண்ணு இருக்கு, கொண்டு வரட்டுமா இச்சாயா?"

நாலு நாளாக இதே பதில்தான். எப்போது கேட்டாலும் மீன் வந்தது. அவன் கார்டைக் கையில் எடுத்தாலோ, சங்கனாச்சேரி பெரியம்மா வீட்டு விருந்து இன்னும் பாக்கி, ஆலப்புழைச் சித்தி கோபித்துக்கொள்வாள் என்று எழுப்பிக் கூட்டிப் போய்விடுவாள். இவளுக்கு நம் தொழிலே பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று நோபி மனசுக்குள் குமைந்தான். நிச்சயம் ஆனதிலிருந்து கல்யாணம்வரை போனில் அவளுக்கு அவன் சொல்லிக்கொடுத்தது வேறென்ன? சிவப்புப் புள்ளி தெரியணும், பக்கத்தில் நொடி ஓடணும், ரெண்டும் இருந்தால்தான் படம். அவள் ஒப்பித்தே காட்டியிருக்கிறாள்.

திரையில் ட்ரோன் பந்தலுக்குப் பின்னால் இறங்கியது. சமையல் கொட்டகைப் பக்கம், வெள்ளைப் புடவையில் ஓர் உருவம். ஒரு கையில் பூச்செண்டு, மறு கையில் கட்லெட். அண்ணாந்து பார்த்து, மாட்டிக்கொண்டது தெரிந்ததும், கட்லெட்டை முழுசாக வாய்க்குள் தள்ளிவிட்டுச் சிரித்தது.

நாற்பது நொடி. ஒளி, நிறம், ஒன்றிலும் குறை சொல்ல முடியாது.

"இதை அனுப்புங்க," என்றாள் டின்ஸி. "அன்னைக்கு போன்ல அப்பச்சன் மூணு தடவை கேட்டாரு, சாப்பிட்டியா மோளேன்னு. அவருக்கு இது போதும்."

நோபி அந்த நாற்பது நொடியை வெட்டி எடுத்தான். ஆனாலும் மனசு ஆறவில்லை. நாற்காலியைத் திருப்பிப் போட்டு அவளுக்கு நேராக உட்கார்ந்தான்.

"மீன் வேண்டாம். நேரா சொல்லு. நாலு நாளா என்ன உனக்கு?"

டின்ஸி மின்விசிறியைப் பார்த்தாள். அப்புறம் அவன் உச்சந்தலையை.

"மூணாவது தடவை ஸ்கிரீன்ல பாத்தேன் இச்சாயா. நொடி ஓடல."

"எடீ! அப்பவே சொல்ல வேண்டியதுதானே?"

"சொன்னா மறுபடியும் படகைத் திருப்பச் சொல்லியிருப்பீங்க," என்றாள் டின்ஸி. "எனக்குப் பசிச்சது."