கழுத்துக்கு எந்த மரம்?

வந்தவர் சுவரில் தொங்கிய கிட்டார்களைப் பார்க்கவில்லை. அண்ணாந்து பட்டறையின் கூரையைப் பார்த்தார். "மழைக்கு ஒழுகுமா மக்கா?" என்று கேட்டார்.

"ஒரு துளி ஒழுகாது சார்" என்றான் அனூஜ். சொல்லிவிட்டு உள்ளுக்குள் சிரித்துக்கொண்டான். கிட்டார் வாங்க வருகிறவனுக்குக் கூரை எதற்கு? பெண் கொடுக்கப் போகிறவன்தான் கூரையைப் பார்ப்பான்.

கல்யாணப் புரோக்கர் பொன்னப்பன் முந்தின நாளே போனில் சொல்லியிருந்தார். "எலே, ஒற்றசேகரமங்கலத்துப் பொண்ணு சுமிக்க தாய்மாமன் நாளைக்கு வாறாரு. கிட்டார் வாங்க வந்த ஆளு மாதிரி வருவாரு. நீ தெரிஞ்சதா காட்டிராதே."

மாப்பிள்ளையை வேவு பார்ப்பது பெருங்கடவிளைப் பக்கத்தில் புதிதல்ல. பெட்டிக்கடையில் விசாரிப்பார்கள், பக்கத்து வீட்டில் தண்ணீர் கேட்கிற சாக்கில் வாயைக் கிண்டுவார்கள். இவர் கொஞ்சம் நாகரிகமாக வந்திருக்கிறார், அவ்வளவுதான்.

அனூஜுக்கு வயது முப்பதைத் தாண்டிவிட்டது. வந்த இடமெல்லாம் தட்டிக்கொண்டே போனது. எலெக்ட்ரிக் கிட்டார் செய்கிறான் என்று சொன்னால், "அது செரி, பையனுக்கு வேலை என்ன?" என்று மறுபடியும் கேட்டார்கள். கேட்டுக் கேட்டு, தொழிலைச் சொல்லவே அவனுக்கு நாக்குக் கூச ஆரம்பித்துவிட்டது. சுமியின் வீடும் கைவிட்டால் இனி யாரும் வரப்போவதில்லை.

வந்தவர் பெஞ்சில் கிடந்த, பாதி செதுக்கிய கிட்டார்க் கழுத்தை எடுத்து அதன் முதுகில் பெருவிரலை ஓட்டினார். "எனக்கு ஒண்ணு செய்யணும். நெக்குக்கு மேப்பிள் மரமா, மஹாகனியா, எது கொள்ளாம்? நம்ம ஊரு ஈரத்துக்கு எது வளையாம நிக்கும்?"

ஆள் யூடியூபில் நன்றாகப் படித்துவிட்டுத்தான் வந்திருக்கிறார் என்று அனூஜ் நினைத்தான்.

"மேப்பிள் வளையாம நிக்கும். மஹாகனின்னா சத்தத்துல ஒரு இதம் உண்டு மாமா." மாமா என்று வாய் தவறி வந்துவிட்டது. நல்லவேளை, அவர் அதைக் கவனித்ததாகத் தெரியவில்லை.

"பூச்சு பளபளன்னு வேண்டாம் கேட்டியா. வேர்த்தா விரல் ஒட்டும்."

"அப்போ எண்ணெய் மட்டும் தேச்சு விடலாம். கை நல்லா ஓடும்."

அம்மா சுகுமாரி பால் விடாத கட்டன் சாயா கொண்டுவந்தாள். அடுப்பிலிருந்து அப்போதுதான் இறக்கியது. அனூஜ் தன் டம்ளரைத் தொட்டுவிட்டு உடனே கீழே வைத்தான். அவரோ இடது கை விரல் நுனிகளால் டம்ளரைப் பிடித்து, சூடே உறைக்காதவர் போல உறிஞ்சினார். ரப்பர் மரம் வெட்டிக் காய்த்துப்போன விரல்களாக இருக்கும் என்று அவன் மரியாதையோடு பார்த்தான்.

"இதுதான் முழுநேர வேலையா மக்கா?"

கேள்வி வந்துவிட்டது. சுவரில் இருந்த கிட்டார்கள் எல்லாம் அவனையே பார்ப்பது போலிருந்தது. அந்தப் பக்கம் திரும்பாமல் சொன்னான்.

"இல்ல மாமா. இது சும்மா ஒரு நேரம்போக்காக்கும். சித்தப்பா மகன் அகில் தோகாவுல விசா செரியாக்கி வச்சிருக்கான். ஓணம் கழிஞ்சா போயிருவேன்."

வாசலில் நின்ற அம்மா சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள். விசாவும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. அகில் போனில் பேசியே வருஷக்கணக்காகிறது. ஊரெல்லாம் 'எனக்க மகன் கிட்டார் செய்யுதான்' என்று பெருமை பேசித் திரிகிறவள் முன்னால் இப்படிப் புளுகுகிறோமே என்று அனூஜுக்கு உடம்பெல்லாம் கூசியது.

"அப்போ கையில எடுத்த வேலைய பாதியில விட்டுட்டு போயிருவியா?"

"போகாம பின்ன? போட்டது போட்டபடி கிடக்கட்டும். இந்த மரத்துண்டக் கெட்டிப்பிடிச்சிட்டு எவனாவது இருப்பானா மாமா?"

அவர் கையிலிருந்த கிட்டார்க் கழுத்தைப் பெஞ்சில் பதமாக வைத்தார். மிச்ச சாயாவைக் குடிக்காமல் எழுந்தார். "செரி மக்கா. நான் வேற இடம் பாக்கேன்."

அனூஜுக்குத் தூக்கிவாரிப் போட்டது. வளைகுடா மாப்பிள்ளையைக்கூட ஒருவர் வேண்டாம் என்பாரா? பின்னாலேயே ஓடிப்போய் அவருடைய ஸ்கூட்டரின் ஹேண்டிலைப் பிடித்துக்கொண்டான்.

"மாமா, எதுக்கு வேண்டாம்னு சொல்லுதிய?"

"கெல்ஃபுக்கு போற ஆள நம்பி ஒருக்க பட்டாச்சு மக்கா. பாதியில விட்டுட்டு போனான். இனியும் ஒருக்க பட எனக்கு வய்யா."

சுமிக்கு முன்பே ஒரு சம்பந்தம் முறிந்திருக்கிறது போல. பொன்னப்பன் அதை மூச்சுவிடவில்லையே! இனி மறைத்து என்ன ஆகப்போகிறது? அனூஜ் மானத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டான்.

"விசாவும் இல்ல, தோகாவும் இல்ல. சொன்னது அவ்வளவும் கள்ளமாக்கும் மாமா. எனக்குத் தெரிஞ்ச ஒரே வேலை இதுதான். இதச் சொன்னா பொண்ணு கிட்டாதுன்னு நாணக்கேட்டுல சொல்லிட்டேன். எங்க அம்மைய நிக்க வச்சிட்டே சொல்லிட்டேன்." அவனால் நிமிர்ந்து அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை. "சுமிக்க வீட்டுல மட்டும் நான் பொய்யன்னு சொல்லிராதீங்க."

அவர் கிளப்பிய ஸ்கூட்டரை நிறுத்திவிட்டு அவனை ஏற இறங்கப் பார்த்தார்.

"சுமியா? அது யாரு மக்கா? நான் கிட்டாருக்காக்கும் வந்தது."