தவளை ஏன் தாவவில்லை?

"யாராவது ஒருத்தர் கை தட்டுங்களேன்! உங்களுக்குப் புண்ணியமாப் போகும்!"

கத்திக் கத்தி டீச்சருக்குத் தொண்டைத் தண்ணீர் வற்றிவிட்டது.

பாலர் வகுப்பின் சுவரில், மெஷின் ஒன்று வெளிச்சத்தால் வரைந்த குளம். கரையில் ஒரு பச்சைத் தவளை அசையாமல் உட்கார்ந்திருந்தது. எதிரே தரையில் வகுப்பு மொத்தமும் அதைவிட அசையாமல், பிடித்து வைத்த பிள்ளையார் மாதிரி உட்கார்ந்திருந்தது.

குழந்தைகள் கை தட்டினாலோ குதித்தாலோ தவளை ஓர் இலையிலிருந்து இன்னொரு இலைக்குத் தாவும். தாவும்போது எண்ணிக்கையும் சொல்லும். ஆட்டத்துக்கு ஆட்டம், பாடத்துக்குப் பாடம். இந்த மெஷின் வந்த முதல் வாரம் வகுப்பில் கூரை பிய்த்துக்கொண்டு போகாததுதான் பாக்கி.

இந்த வாரம் என்ன பேய் பிடித்ததோ, ஒருத்தர் கையும் இன்னொரு கையோடு சேரவில்லை.

முந்தாநாள் டீச்சர் கெஞ்சிப் பார்த்தாள். பொறுமை போய், "போங்க, உங்களுக்குக் கொடுத்து வைக்கல!" என்று மெஷினை அணைத்துவிட்டாள். நேற்றும் அதே கதைதான்.

நேற்று மத்தியானம் அதைப் பொருத்திய மெக்கானிக்கை வரவழைத்தாள். அவர் வந்து லேசாக ஒரு தடவை கை தட்டினார். தவளை அவர் பக்கம் திரும்பித் தாவியது.

"மெஷின் கல்லுக்குண்டு மாதிரி இருக்கு டீச்சர். பேச்சுக் குரலை விட்டுடும். தட்டுற சத்தம், குதிக்கிற அசைவு, இது ரெண்டையும்தான் எடுத்துக்கும். எந்தப் பக்கம் அதிகமோ அந்தப் பக்கம் தாவும். அவ்வளவுதான் அதுக்குத் தெரியும்."

"அப்ப கோளாறு எங்க இருக்கு?"

அவர் பிள்ளைகளைப் பார்த்தார். சிரிப்பை அடக்கிக்கொண்டார். "அதுக்கெல்லாம் என்கிட்ட ஸ்பேர் பார்ட்ஸ் இல்ல டீச்சர்."

இன்றைக்கு என்னவென்றால், மெஷினை வாங்கிக் கொடுத்த டிரஸ்ட் அம்மாளையே கையோடு கூட்டிக்கொண்டு வந்து நிற்கிறார் ஹெட்மிஸ்ட்ரஸ்.

"என்ன டீச்சர் இது? பிள்ளைங்க ஆடுறதைக் காட்டுறேன்னு சொல்லிக் கூட்டிட்டு வந்திருக்கேன்." குரல் தணிவாகத்தான் இருந்தது. பார்வையில்தான் அனல்.

டிரஸ்ட் அம்மாள் தன்மையாகச் சொன்னாள். "பிடிக்கலேன்னா வற்புறுத்த வேண்டாம். வேற ஸ்கூல்லயும் கேட்டுக்கிட்டேதான் இருக்காங்க. கழட்டி அங்க மாட்டிடலாம்."

டீச்சர் பிள்ளைகள் பக்கம் திரும்பினாள். இந்த மெஷினுக்காக எத்தனை படி ஏறி இறங்கியிருப்பாள்!

"இடி! நீயாவது தட்டுடா கண்ணா!"

இடி என்பது அவனுக்கு வகுப்பு வைத்த பெயர். அவன் தும்மினால் பக்கத்து வகுப்பில் சாக்பீஸ் விழும். அப்பேர்ப்பட்டவன், இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் செருகிக்கொண்டான்.

"தட்டலேன்னா மெஷினை எடுத்துட்டுப் போயிடுவாங்க. தெரியுமில்ல?"

சில முகங்கள் வாடின. ஒன்றிரண்டு உதடுகள் பிதுங்கின. ஆனாலும் ஒரு கை அசைய வேண்டுமே!

அப்போதுதான் டீச்சர் அதைக் கவனித்தாள். முன்வரிசையில் 'வாலு' உதட்டில் விரலை வைத்தபடி, திரும்பித் திரும்பி எல்லோரையும் அடக்கிக்கொண்டிருந்தது.

ஓகோ! இந்த வேலைநிறுத்தத்துக்குத் தலைவி இவள்தானா!

"எழுந்திருடி! எல்லாரையும் ஆட்டி வைக்கிறது நீதானா? போ, அந்த மூலையில போய் நில்லு!"

வாலு எழுந்தது. பூனை மாதிரி அடியெடுத்து வைத்து மூலைக்குப் போனது. அங்கே போயும் உதட்டிலிருந்து விரலை எடுக்கவில்லை.

இதற்கு மேல் தாங்காது என்று டீச்சரின் கை சுவிட்ச் பக்கம் போனது.

"இருங்க, அணைக்காதீங்க." டிரஸ்ட் அம்மாள் ஒரு குட்டி நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். "எனக்கொண்ணும் அவசரமில்ல. கொஞ்ச நேரம் பார்ப்போமே."

வந்தவர் எதிரில் என்ன சொல்ல முடியும்? டீச்சர் பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். மின்விசிறி மட்டும் சுற்றிக்கொண்டிருந்தது.

'டப்.'

ரப்பர் ஒன்று தரையில் விழுந்த மாதிரி, அவ்வளவு சின்னச் சத்தம்.

தவளை தலையைத் திருப்பியது. பின்வரிசைப் பக்கமாக ஒரே தாவல். "ஒன்று!" என்றது.

அவ்வளவுதான், வகுப்பு வெடித்தது. கை தட்டல், குதியாட்டம், இடியின் விசில்! எந்தப் பக்கம் தாவுவது என்று தெரியாமல் தவளை திண்டாடியது.

டீச்சர் பின்னால் திரும்பிப் பார்த்தாள்.

சக்கர நாற்காலியில் அந்தச் சின்னப் பெண். மடியிலிருந்து ஒரு கையைத் தூக்குவதற்குள் அவளுக்கு உயிர் போய் உயிர் வரும். ஆட்ட நேரத்தில், "நீ பார்த்துக்கிட்டு இரு கண்ணு" என்று அவளைக் கடைசியில் ஒதுக்கி நிறுத்துவது டீச்சரேதான். இப்போது அந்தக் கை, நாற்காலியின் முன்பலகை மேல் களைத்துப்போய்க் கிடந்தது. முகமெல்லாம் சிரிப்பு.

"மெஷின் இங்கேயே இருக்கட்டும்" என்றாள் டிரஸ்ட் அம்மாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

மூலையிலிருந்து வாலு ஓடி வந்தது. "நாங்க தட்டினா தவளை எங்ககிட்டயே வந்துடுது மிஸ். அவகிட்ட ஒரு தடவைகூடப் போகல. அதான் அவ தட்டுற வரைக்கும் யாரும் தட்டக் கூடாதுன்னு பேசிக்கிட்டோம்."

டீச்சர் குனிந்து கேட்டாள். "அதுக்கு இத்தனை நாளாடி?"

வாலு தயங்கியது. டீச்சர் மனசு நோகுமோ என்று நினைத்ததோ என்னவோ, கிட்டே வந்து ரகசியம் மாதிரிச் சொன்னது.

"நேத்தும் முந்தாநாளும் அவ கை பாதி வரைக்கும் வந்துடுச்சு மிஸ். நீங்கதான் அணைச்சுட்டீங்க."