பர்மாவுக்கு ஒரு மதிப்பெண்

"கார்டு பத்தும் இன்னும் என் பெட்டியிலதான் கிடக்கு அண்ணே" என்றாள் மரியபுஷ்பம், வாசல் மேல் ஒரு கண்ணை வைத்துக்கொண்டு. "இன்னும் அரை மணி நேரத்துல ரேடியோவுல முடிவு சொல்லிடுவாங்க. அவரு முகத்தை நான் எப்படிப் பாக்கப் போறேன்?"

மீரா முகைதீன் லபெயே டீயை ஊதி ஊதிக் குடித்தார். ரங்கூனின் போட்டாதாங் துறைமுகத்திலிருந்து சிங்கப்பூர் போகும் சரக்குக் கப்பலில் இருபது வருடம் சமையல் பார்த்தவர். இந்த வருடம் மூட்டுவலி வந்து வீட்டோடு உட்கார்ந்துவிட்டார்.

மரியபுஷ்பத்தின் கணவர் பர்னபாஸ் ரேடியோவுக்கு பேட்டரி வாங்கக் கடைக்குப் போயிருந்தார். ரங்கூன் கரண்டை நம்பி முடிவு கேட்க உட்காருகிற ஆள் இல்லை அவர்.

விஷயம் இதுதான். ஒரு வெளிநாட்டு வானொலியின் தமிழ்ப் பிரிவு வருடா வருடம் பாட்டுப் போட்டி நடத்தும். எட்டு நாடு, எட்டுப் பாட்டு. எல்லாவற்றையும் ஒலிபரப்பிவிட்டு நேயர்களிடம் ஓட்டுக் கேட்கும். தன் நாட்டுப் பாட்டுக்குத் தானே ஓட்டுப் போடக் கூடாது. ஒரு நாட்டிலிருந்து ஒரு பாட்டுக்குப் பத்து தபால் கார்டு வந்தால் அதற்கு ஒரு மதிப்பெண்.

மலேசியாவும் இலங்கையும் மதிப்பெண்ணை வாரிக்கொண்டு போகும். பர்மாவுக்காகப் பாடி கேசட் அனுப்புகிறவர் பர்னபாஸ். மாதா கோயில் பாடகர் குழுவை நடத்துகிறவர் என்பதால் அந்தப் பொறுப்பு அவர் தலையில் வந்து விழுந்தது. அவரும் சந்தோஷமாகவே தலையைக் கொடுத்தார். போட்டி தொடங்கிய 1992-ல் பர்மா கடைசி. அடுத்த வருடமும் கடைசி. பதினோரு வருடமாக அந்த இடத்துக்கு வேறு எந்த நாடும் போட்டிக்கு வரவில்லை.

ஆனால் ஒரு வருடமும் முட்டை வாங்கியதில்லை. சொல்லிவைத்தாற்போல் சிங்கப்பூரிலிருந்து ஒரே ஒரு மதிப்பெண் வந்துவிடும்.

முட்டை வாங்கினால் மனுஷன் தாங்க மாட்டார் என்று முதல் வருடமே மரியபுஷ்பத்துக்குத் தோன்றிவிட்டது. மீரா முகைதீனிடம் சொல்லி சிங்கப்பூர் கார்டு பத்து வாங்கிவரச் செய்தாள். வலது கையால் ஐந்து, இடது கையால் ஐந்து, நீல மையில் சில, கறுப்பு மையில் சில என்று எழுதினாள். பெயருக்குப் பஞ்சம் வந்தபோது சொந்தத்தில் செத்துப்போனவர்களையும் ஓட்டுப் போட வைத்தாள். அதைச் சிங்கப்பூரில் தபால் பெட்டியில் போடுவது மீரா முகைதீனின் வேலை. பதினோரு வருடம் இப்படித்தான் ஓடியது.

இதெல்லாம் தெரியாத பர்னபாஸ், தினமும் செபமாலை முடிந்ததும், "சிங்கப்பூர்ல இருக்கிற அந்தப் பத்துப் பேருக்கும் நல்ல சுகத்தைக் கொடும் ஆண்டவரே" என்று மனமுருக வேண்டிக்கொள்வார். ஆண்டவரிடமே பொய் சொல்ல வைத்துவிட்டோமே என்று மரியபுஷ்பம் ஆமெனை வாய்க்குள்ளேயே முனகுவாள்.

இந்த வருடம் அந்த மதிப்பெண் வராமல் போனால் காரியம் கெட்டுவிடும். மழைக்காலத்தில் நெஞ்சுச்சளி கட்டியதிலிருந்து பர்னபாஸின் குரல் மெலிந்துவிட்டது. இளசுகளைப் பாட விடலாமே என்று கோயிலில் பேச்சு வந்தது. அவர் யாரிடமும் சண்டைக்குப் போகவில்லை. வீட்டுக்கு வந்து மனைவியிடம் மட்டும் சொன்னார்.

"இந்தத் தடவை ஒரு மார்க்கும் வரலேன்னா, புஷ்பம், நான் கோயில்லயும் வாயைத் திறக்க மாட்டேன்."

சொன்னால் செய்கிறவர். பாட்டை விட்டுவிட்டு அவர் சும்மா உட்கார்ந்திருப்பதை நினைத்துப் பார்க்கவே அவளால் முடியவில்லை. அவர் பாட்டு அவளுக்குப் பிடிக்கும். ஊருக்குத்தான் பிடிக்காது என்று நினைத்தாள். மீரா முகைதீனோ கப்பல் ஏறவில்லை; வேறு கப்பல்காரரிடம் கார்டைக் கொடுத்தால் ரகசியம் நாலு தெருவுக்குப் பரவிவிடும் என்று, எழுதியதைப் பெட்டியிலேயே வைத்துவிட்டாள்.

பர்னபாஸ் வந்தார். மேடை ஏறப் போகிறவர் மாதிரி தலையை வாரிக்கொண்டு ரேடியோ முன்னால் உட்கார்ந்தார்.

அறிவிப்பாளர் ஒவ்வொரு நாடாக வாசித்தார். மலேசியா பர்மாவுக்கு ஒன்றும் கொடுக்கவில்லை. இலங்கையும் கொடுக்கவில்லை. மொரீஷியஸ், தென்னாப்பிரிக்கா, பிஜி, இந்தியா எல்லாம் அப்படியே. மரியபுஷ்பம் கண்ணை மூடிக்கொண்டாள். மீரா முகைதீன் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசியாக சிங்கப்பூர்.

"பர்மா, ஒன்று."

பர்னபாஸ் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அந்தப் பத்துப் பேரும் என்னைக் கைவிடல புஷ்பம்" என்றார். பிறகு செருப்பை மாட்டிக்கொண்டு, கோயில் சாமியாரிடம் சொல்ல வேக வேகமாகப் போனார்.

மரியபுஷ்பம் ஓடிப்போய்ப் பெட்டியைத் திறந்தாள். கார்டு பத்தும் கட்டியபடியே இருந்தன. அதைக் கொண்டுவந்து மீரா முகைதீனிடம் காட்டினாள். அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன.

"அப்போ இந்த வருஷம் நிஜமாவே பத்துப் பேரு போட்டிருக்காங்க அண்ணே. பதினோரு வருஷம் நாம ஏமாத்தினோம், இப்பவாவது அவரு பாட்டு யாரோ பத்துப் பேருக்குப் புடிச்சிருக்கு."

மீரா முகைதீன் குவளையைக் கீழே வைத்தார். அவள் முகத்தைப் பார்க்க அவருக்குக் கூச்சமாக இருந்தது.

"மன்னிச்சுக்க தங்கச்சி. துறைமுகத்துல பையைக் கிளறுவாங்க, எழுதின காகிதம் இருந்தா வம்பாயிடும்னு பயந்து, பதினோரு வருஷமும் உன் கார்டையெல்லாம் ஆத்துல போட்டுட்டுத்தான் நான் கப்பல் ஏறினேன்."