குயிலின் பங்கு

அந்த அத்திமரத்தில் பாடும் பறவைக்கு, கேட்க வரும் கூட்டத்தைப் பொறுத்துப் பழம் உண்டு. பங்கு பிரிப்பது காகம். மரத்தில் ஒரு பொம்மைக்கிளியும் பாட வந்ததிலிருந்து, சில நாளாகக் குயிலுக்குப் பழமே வரவில்லை.

"நீ பொம்மைக்கிளியோட பாட்டைத் திருடிப் பாடுற. அதான் நிறுத்திட்டேன்," என்றது காகம்.

"எங்க எல்லார் குரலையும் கேட்டுக் கலந்து பாடுற பொம்மை அது. அது பாட்டு நடுவுல வர்ற இருமல்கூட என்னோடதுதான்." என்றது குயில்.

"எது அசல், எது போலின்னு எனக்குத் தெரியாதா?" என்றது காகம்.

அதன் கூட்டில் குஞ்சு பசித்துக் கத்தியது. காகம் குயிலின் பங்குப் பழத்தை எடுத்துப்போய் ஆசையாக ஊட்டியது.

அந்தக் கூட்டில் முட்டையிட்டுப் போனது குயில்தான். குஞ்சு சாப்பிட்டு முடிக்கும்வரை குயில் வாயைத் திறக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.