வலது தொடை

திரையில் அவனுடைய தொடை தெரிந்தது.

அரிசி மணியளவு வெட்டியெடுத்த சதை. சாயம் ஏற்றி, பெரிதாக்கி வைத்திருந்தார்கள். இளஞ்சிவப்புக் கட்டங்கள். சில நிறைந்திருந்தன. பல சுருங்கிக் கிடந்தன.

"நுரையீரல் வியாதிக்குக் கால் ஏன் இப்படி மெலியுதுன்னு கேட்டீங்கல்ல?" என்றார் டாக்டர் நிலோஃபர், அவன் மனைவியிடம். ஆராய்ச்சிக்காக அவனைச் சேர்த்துக்கொண்டவர் அவர்தான். "நுரையீரல்ல வருஷக்கணக்கா இருக்கற அழற்சி, ரத்தம் வழியா ஒடம்பு பூரா சேதி அனுப்புது. சேதி தொடைக்கு வந்ததும், சதையில இருக்கற புரதத்து மேல யூபிக்விட்டின்னு ஒரு சின்னச் சீட்டு ஒட்டிக்கும். சீட்டு விழுந்ததை எல்லாம் செல்லுக்குள்ள ஒரு எந்திரம் இழுத்து நறுக்கிப் போட்டுரும்."

"சீட்ட ஒட்டுறது யாரு டாக்டரம்மா?"

"வேற யாரும் இல்லம்மா. அவரோட ஒடம்பேதான்."

அவள் இன்னொரு முறை கேட்டாள். டாக்டர் இன்னொரு முறை சொன்னார்.

"மொதல்ல எது போகும்?"

"தொடைதான். கையெல்லாம் அப்புறம்."

"இது வலது தொடையா?"

"ஆமா. ஏன்மா?"

"சும்மா கேட்டேன்."

வெளியே, சக்கர நாற்காலியில் பால்சாமி இருமிக்கொண்டிருந்தான். அவளுடைய கணவன். முப்பது வருடம் நூற்பாலையில் மேஸ்திரி. பஞ்சுத் தூசியும் பீடியும் சேர்ந்து நெஞ்சை அரித்திருந்தன.

ஆலையில் அவன் வாயால் அதட்டுவான். வீட்டில் அதட்டல்கூடக் கிடையாது. சோறு ஆறியிருந்தால் உதை. தண்ணீர் கேட்டு இரண்டாம் முறை கூப்பிட வேண்டிவந்தால் உதை. எப்போதும் வலது கால். மழை நாட்களில் அவளுடைய இடுப்பெலும்பு இன்றைக்கும் வலிக்கும்.

அந்தக் கால் விளங்காமல் போகட்டும் என்று கடவுளிடம் கேட்டுக் கேட்டு அவள் அலுத்திருந்தாள்.

கேட்டது அவன் தோலுக்கடியில் நடந்துகொண்டிருந்தது.

"இதைத் தடுக்கலாம்மா," என்றார் டாக்டர். "அதுக்குத்தான் இந்த ஆராய்ச்சியே."

தினம் இரண்டு முட்டை. நாற்காலியில் உட்கார்ந்து முப்பது தடவை எழ வேண்டும். கணுக்காலில் மணல் பை கட்டி, காலை நீட்டி மடக்க வேண்டும். செய்ததை எல்லாம் ஒரு நோட்டில் டிக் போட வேண்டும்.

"பண்ணா சதை திரும்ப வருமா?"

"கண்டிப்பா வரும். காலுக்குப் பழைய பலம் வந்துரும்."

பேருந்தில் வரும்போது 'பழைய பலம்' என்ற அந்த வார்த்தையையே அவள் நினைத்துக்கொண்டு வந்தாள்.

மறுநாள் காலை முட்டைகளை வேகவைத்தாள். உரித்தாள். உப்பும் மிளகும் தூவினாள்.

அடுப்படியில் நின்று, இரண்டையும் தானே தின்றாள்.

மணல் பையைக் கதவுக்கு முட்டுக் கொடுத்தாள். காற்றில் அடித்துக்கொண்டே இருந்த கதவு.

நோட்டில் டிக் போட்டாள்.

இரண்டாவது வாரம் அடுப்படியை விட்டு வெளியே வந்தாள். அவன் கட்டிலுக்கு எதிரே, தரையில் காலை நீட்டி உட்கார்ந்து தின்றாள். கல்யாணமாகி முப்பத்தொரு வருடத்தில் அவன் முன்னால் அவள் முட்டை தின்றது அதுதான் முதல் தடவை.

"எனக்கு எங்கடி?"

"தீந்துருச்சு."

ஓடுகள் தட்டில் கிடந்தன. அவன் அவற்றையே பார்த்தான். பிறகு போர்வைக்குள் வலது கால் அசைந்தது. ஒரு சாண் உயர்ந்தது. நடுங்கியது. விழுந்தது.

மென்று முடிக்கும்வரை அவள் எழவில்லை.

அதன் பிறகு அவன் கேட்கவில்லை. கழிவறைக்குப் போக வேண்டுமென்றால் மட்டும் கையை நீட்டுவான். நீட்டிய கையை அவள் சற்று நேரம் பார்த்துவிட்டுத்தான் வந்து பிடிப்பாள். ஒவ்வொரு தடவையும் அந்தக் கை எடை குறைந்திருந்தது.

பத்து வாரம் கழித்து டாக்டர் அவன் தொடையை அளவுநாடா வைத்து அளந்தார். திரும்ப அளந்தார்.

"மூணு சென்டிமீட்டர் குறைஞ்சிருக்கு." நோட்டைப் புரட்டினார். "ஒரு நாள் கூட விடாம டிக் இருக்கு. எனக்கே புரியலையே." குனிந்து அவன் முகத்துக்கு நேராக வந்தார். "ஐயா, நீங்க சொல்லுங்க. தெனமும் பண்றீங்களா? முட்டை சாப்புடுறீங்களா?"

மூக்கில் பிராணவாயுக் குழாய் செருகியிருந்தது. அவன் தலையைத் திருப்பி, பின்னால் நின்றவளைப் பார்த்தான்.

சொல்லிவிடலாம். ஒரு வாக்கியம் போதும். டாக்டர் இருந்தார், இரண்டு நர்ஸுகள் இருந்தார்கள், கேட்பதற்கு அறை நிறைய ஆள் இருந்தது.

சொல்லட்டும் என்றுதான் அவளும் நின்றாள். கண்ணை எடுக்கவில்லை.

அவன் பார்வை தரைக்கு இறங்கியது.

"எல்லாம் செய்றேன் டாக்டர்." மூச்சு வாங்கியது. "இவ விட மாட்டா."

டாக்டர் சிரித்தார். "குடுத்து வச்சவரு நீங்க."

அவன் பேசிய அந்தக் குரல் அவளுக்குத் தெரியும். தரையைப் பார்த்துக்கொண்டு, அடுத்த கேள்வி வருவதற்குள் அவசரமாகச் சொல்லி முடிக்கும் குரல்.

இருபத்தொன்பது வருடத்துக்கு முன்னால், ஏழாவது மாதத்தில், உதிரம் நிற்காமல் அரசு ஆஸ்பத்திரியில் கிடந்தபோது ஒரு டாக்டர் அவளிடமும் கேட்டார். எப்படிம்மா ஆச்சு?

கொழாயடியில வழுக்கி விழுந்துட்டேன்.

அன்றைக்குக் கட்டிலருகே அவன் நின்றிருந்தான். அவள் தோளில் கை வைத்துக்கொண்டு.

அவள் தன் கையைப் பார்த்தாள்.

அது அவனுடைய தோளில் இருந்தது.